பழைய கார், புதுச் சான்று: நம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய கார் பார்க்கப் போனால், விற்பவர் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே தகுதிச் சான்றை எடுத்து நீட்டிவிடுவார். போன மாசம்தான் பாஸ் ஆச்சு, ஒரு குறைகூடச் சொல்லலை, வேணும்னா பாருங்க என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, கார் பாஸ் ஆனது உண்மையாகவே இருக்கலாம். பாஸ் ஆகிவிட்டது என்றால் வண்டி நன்றாக இருக்கிறது என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம் பாருங்கள், சிக்கல் அங்கேதான்.

முதல்முறையாகப் பத்து, பதினைந்து வருஷக் கார் வாங்க நினைப்பவர்களுக்கும், வாங்கிவிட்டு அடுத்த பரிசோதனையை நினைத்து முழிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இந்தியாவில் எஃப்சி, பிரிட்டனில் எம்ஓடி, ஜெர்மனியில் ட்யூவ், ஜப்பானில் ஷாக்கென் என்று நாட்டுக்கு நாடு பெயரும் சட்டமும் மாறும். ஆனால் பழைய கார் பழுதாகிற விதமும், பரிசோதனையில் கண்ணுக்குத் தப்புகிற இடங்களும் எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

பட்டியலில் இருக்கிற பாகங்கள், பரிசோதித்த அந்த நாளில், சட்டம் போட்ட குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகவில்லை. சான்று சொல்வது இவ்வளவுதான். பிரிட்டனில் 1960ல் இதைத் தொடங்கியபோது பத்து வயது தாண்டிய கார்களுக்கு மட்டும், முக்கியமாக பிரேக், விளக்கு, ஸ்டியரிங் இவற்றைத்தான் பார்த்தார்கள். 1967க்குள் மூன்று வயதுக் காரும் வர வேண்டும் என்றாகிவிட்டது, பட்டியலும் நீண்டுகொண்டே போனது. ஆனால் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றின் நிலையும் இன்றைக்கும் அங்கே பரிசோதனையில் சேராது, அரசே அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. பரிசோதகர் எதையும் கழற்றிப் பார்ப்பதும் கிடையாது, கண்ணுக்குத் தெரிவதையும் கைக்கு எட்டுவதையும்தான் பார்ப்பார். இன்ஜினின் வால்வுகளை இயக்குகிற டைமிங் பெல்ட் நாளைக்கே அறுந்துபோகிற நிலையில் இருந்தாலும் கார் தாராளமாக பாஸ் ஆகும்.

கோடு என்றேனே, டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் பட்டன் ஆழம், அதாவது டயர் மேல்பரப்பில் இருக்கிற வரிப்பள்ளத்தின் ஆழம், 1.6 மிமீ இருந்தால் போதும். 1.7 மிமீயோடு பாஸ் ஆன டயர் சில மாதத்திலேயே சட்டப்படி ஓட்டக்கூடாத டயராகிவிடும், சான்று மட்டும் அதன் தேதி வரைக்கும் செல்லும்.

பிரேக் விஷயம் இன்னும் நுணுக்கமானது. உருளைகளின் மேல் சக்கரத்தை ஏற்றி, ஏறக்குறைய நடை வேகத்தில் சுழலவிட்டு, பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று கருவியில் அளப்பார்கள். ஐரோப்பிய விதிப்படி ஒரே அச்சில் இருக்கிற இரண்டு சக்கரங்களில் ஒன்றின் பிடிப்பு, மற்றதன் பிடிப்பில் 70 சதவீதத்துக்கும் கீழே போனால் அது பெரிய குறை. நல்ல சோதனைதான், ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அது ஆறிய பிரேக்கில் சில நொடி நடக்கிற சோதனை. மலைப்பாதையில் தொடர்ந்து இறங்கும்போது நடப்பது வேறு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது என்பது தரக்கட்டுப்பாடு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தரக்கட்டுப்பாடு 155 டிகிரியோடு நின்றுவிடுகிறது. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உருவாகும், மிதித்த பெடல் தரை வரைக்கும் போகும். பரிசோதனை நிலையத்தில் பெரும்பாலும் ஆயில் மட்டம் கோட்டுக்கு மேல் இருக்கிறதா என்பதோடு முடித்துக்கொள்வார்கள், அது எத்தனை வருஷத்து ஆயில் என்று யாரும் கேட்பதில்லை.

சந்தேகம் வருவதற்கு நியாயமான காரணங்கள்

எல்லாப் பரிசோதகரும் கையூட்டு வாங்குகிறார்கள் என்று பேசிவிட்டுப் போவது சுலபம். அப்படி நடக்கிற இடங்களும் உண்டுதான். ஆனால் நேர்மையான ஆளிடமே தப்பு நடக்க இரண்டு காரணம் போதும், ஒன்று நேரம், இன்னொன்று யாருக்கு அவர் வேலை செய்கிறார் என்பது.

நேரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் அடுத்தடுத்து வண்டி நிற்கும்போது ஒரு காருக்குக் கிடைப்பது குறைந்த நேரம், துருவோ விரிசலோ ஒளிந்திருக்கிற மூலைக்கு டார்ச் போவதற்குள் அது முடிந்துவிடும்.

இரண்டாவதுதான் யோசிக்க வேண்டியது. பரிசோதிக்கிறவரே பழுதும் பார்க்கிறவராக இருந்தால், அவருடைய கை இரண்டு பக்கமும் சாயலாம். தெரிந்த வாடிக்கையாளர் என்றால் கண்டும் காணாமல் விடலாம், வேலை குறைவாக இருக்கிற மாதம் என்றால் சஸ்பென்ஷனில் நன்றாக இருக்கிற ரப்பர் புஷ்ஷையும் மாற்றச் சொல்லலாம். பிரிட்டனில் பெரும்பாலான பரிசோதனை நடப்பது பழுதுபார்க்கும் கேரேஜ்களில்தான். ஜெர்மனியில் ட்யூவ், டெக்ரா போன்ற நிறுவனங்களின் பொறியாளர்கள் பரிசோதிப்பார்கள், பழுதுபார்ப்பது அவர்கள் வேலையில்லை. (ட்யூவின் வேர் கார் அல்ல, நீராவிக் கொதிகலன். 1865ல் மன்ஹைம் நகரத்து பீர் ஆலையில் கொதிகலன் ஒன்று வெடித்த பிறகு, ஆலை முதலாளிகளே சேர்ந்து மறுவருஷம் ஒரு பரிசோதனைச் சங்கம் தொடங்கினார்கள், அங்கிருந்து வந்த மரபு அது.) என்னைக் கேட்டால் இந்தப் பிரிவினைதான் சரி. உங்கள் காரைப் பார்க்கிற ஆளுக்கு உங்களிடம் விற்க எதுவும் இருக்கக் கூடாது.

கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தில் 2018ல் நடந்தது ஒன்று போதும். ஒரு விபத்தில் முன்சீட்டில் இருந்தவரின் சீட் பெல்ட் அறுந்து அவர் இறந்துபோனார். நைந்து கிடந்த அந்த பெல்ட்டோடுதான் அதற்குச் சற்று முன்பு அந்தக் கார் பரிசோதனையில் பாஸ் ஆகியிருந்தது. நிலையங்களைக் கண்காணிக்க வேண்டிய அமைப்பு தன் கடமையில் தவறியதாகப் பிறகு ஒப்புக்கொண்டது.

இன்னொரு பக்கம், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 2025 தொடக்கத்திலிருந்து சாதாரணக் கார்களுக்குப் பாதுகாப்புப் பரிசோதனையையே எடுத்துவிட்டது. அந்த வாதத்துக்குள் இப்போது போகவில்லை. பரிசோதனை கறாராக நடந்தாலும், ஏனோதானோவென்று நடந்தாலும், நடக்கவே நடக்காவிட்டாலும் அந்தக் காருக்குள் உட்காரப் போவது நீங்கள்தான். சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: சான்றைப் படியுங்கள், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

பாஸ் என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். பாஸ் ஆன காருக்கும் கவனிக்க வேண்டியவை என்று பரிசோதகர் எழுதிவைக்கிற வழக்கம் பல நாடுகளில் உண்டு. பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து குறைகளைச் சிறியது, பெரியது, ஆபத்தானது என்று பிரித்து எழுதுகிறார்கள், சிறியது மட்டும் இருந்தால் பாஸ்தான். பின் பிரேக் குழாயில் லேசான துரு என்று மூன்று வருஷமாக ஒரே வரி வந்துகொண்டிருந்தால், காரின் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்பதை அதுவே சொல்லிவிடும். அதைவிடச் சந்தேகமானது, போன வருஷம் ஏழெட்டுக் குறை எழுதப்பட்ட கார் இந்த வருஷம் வேறொரு நிலையத்தில் ஒரு வரிகூட இல்லாமல் பாஸ் ஆகியிருப்பது. வேலை செய்த பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நல்லது, இல்லையென்றால் குறைகள் காருக்குள்ளேயேதான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சான்றிலும் பதிவான கிலோமீட்டரை வரிசையாக எழுதிப் பாருங்கள். வருஷத்துக்கு வருஷம் ஏற வேண்டியது ஓரிடத்தில் இறங்கியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பிரிட்டனில் வண்டி எண்ணை மட்டும் வைத்துப் பழைய பரிசோதனை விவரங்களை இலவசமாக இணையத்தில் பார்க்க முடியும். உங்கள் நாட்டில் அப்படி வசதி இருந்தால் விற்பவர் காட்டுகிற தாளைவிட அதை நம்புங்கள், இல்லையென்றால் பழைய சான்றுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள், கடைசிச் சான்றை மட்டும் அல்ல.

படி 2: அந்த ஒரு நாளுக்காகச் செய்கிற வேலைகள்

பரிசோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயரைக் கடன் வாங்கி மாட்டிவிட்டு, சாயங்காலம் பழசை மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துக் கோவையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். நான்கு டயரையும் ஸ்டெப்னியையும் பாருங்கள். பட்டன் நிறைய இருந்தும் பத்து வயதான டயர் என்றால் ரப்பர் கெட்டியாகியிருக்கும், பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். உள்பக்க விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் வேறு கதை, சஸ்பென்ஷனில் ஏதோ கோணியிருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டுப் பார்த்தால் அந்த விளிம்பு கண்ணில் படும்.

அடுத்தது எச்சரிக்கை விளக்குகள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். இன்ஜின், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு), ஏர்பேக் விளக்குகள் எரிய வேண்டும், இன்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகு அணைந்திருக்க வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். ஏர்பேக் விளக்கு ஆயில் விளக்கோடு ஒட்டிப்பிறந்ததுபோல் சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணைந்தால், யாரோ வயரைக் கொண்டுபோய் அதில் கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001லிருந்தும் காரின் கணினியைப் படிக்க ஸ்கேனர் செருகும் வசதி கட்டாயம். சின்ன ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் பிழைக் குறியீடு இருக்கிறதா என்று தெரியும். குறியீடே இல்லை என்று உடனே சந்தோஷப்படாதீர்கள். காரின் கணினி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று இன்னொரு பக்கத்தில் காட்டும், அதில் பாதிக்கு மேல் முடியவில்லை என்று வந்தால் சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

படி 3: நீங்களே பாருங்கள்

பகலில், மழையில்லாத நேரத்தில் போங்கள். ஈரமான பெயிண்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். பழைய துணி, டார்ச், சின்னக் காந்தம், ஸ்குரூடிரைவர் இவ்வளவு போதும்.

சீட் பெல்ட்டிலிருந்து தொடங்குங்கள், யாரும் தொடங்காத இடம் அது. பெல்ட்டை மெதுவாகக் கடைசி வரை வெளியே இழுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே வருடிக்கொண்டே வாருங்கள். நல்ல ஓரம் வழவழப்பாக, கெட்டியாக இருக்கும். நைந்த இடம் வந்தால் பஞ்சுபோல விரலில் தட்டும். தோளுக்கு மேலே வளையத்துக்குள் நுழைகிற இடம், கொக்கி நாக்கு உரசுகிற இடம், கதவில் அடிபடுகிற கீழ்ப்பகுதி, இந்த மூன்றிலும் நிதானமாகப் பாருங்கள். சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை தெரிந்தால் கார் வெள்ளத்தில் நின்றிருக்கிறது, வெளியே எவ்வளவு கழுவினாலும் அந்த இடத்தை யாரும் கழுவுவதில்லை. அப்புறம் பெல்ட்டை வெடுக்கென்று இழுங்கள், பூட்டிக்கொள்ள வேண்டும். பின் சீட்டையும் விடாதீர்கள்.

அடுத்து துரு. பழைய காரைக் கொல்வது இன்ஜின் அல்ல, துருதான் என்பது என் கருத்து, இன்ஜினையாவது மாற்றிக்கொள்ளலாம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், சக்கர வளைவின் உள்பக்கம், பேனட்டைத் திறந்தால் ஷாக் அப்சர்பரின் மேல்முனை பொருத்தியிருக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே, இங்கெல்லாம் பாருங்கள். ஸ்குரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் நல்ல தகடு கணீரென்று பேசும், உள்ளே அரித்துப்போன தகடு சுருதி செத்துப்போய் தொப்பென்று கேட்கும். துணி சுற்றிய காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள் (அலுமினியப் பேனட், பிளாஸ்டிக் பம்பர் என்றால் அங்கே ஒட்டாதுதான், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்). இருபது வருஷக் காரின் அடியில் ஓரிடத்தில் மட்டும் பளபளவென்று புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பரிசோதகரால் அந்தப் பூச்சைச் சுரண்டிப் பார்க்க முடியாது, அதற்காகவே பூசுகிறவர்களும் உண்டு.

பிரேக் ரப்பர் குழாய்களை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள், வெடிப்போ உப்பலோ இருக்கக் கூடாது. ஆயில் டப்பாவில் நிறம் காப்பிபோல் இருந்தால் மாற்றியே பல வருஷமாகியிருக்கும். இதற்காகக் காரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வாங்கியதும் முதல் வேலையாக ஆயிலை மாற்றிவிடுங்கள்.

ஏர்பேக் தனி விவகாரம். விளக்கு அணைந்தால் பரிசோதனையில் சரி. ஆனால் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில் குறை இருந்தது விளக்குக்குத் தெரியாத இடத்தில், காற்று ஊதும் வேதிப்பொருளில். அம்மோனியம் நைட்ரேட் பல வருஷம் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்து கெட்டுப்போய், விபத்தில் வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் எறிந்தது. பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் ஓடிய பழைய கார்களுக்குத்தான் ஆபத்து அதிகம். காரின் 17 எழுத்து சேசிஸ் எண்ணை வைத்து அந்தத் தயாரிப்பாளரிடம் கேட்டால், திரும்ப அழைக்கப்பட்டதா, மாற்றியாகிவிட்டதா என்று சொல்வார்கள். பொதுவாக அதை இலவசமாகவே மாற்றித் தருவார்கள். இந்த ஒரு வேலையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

படி 4: ஓட்டிப் பாருங்கள்

நீங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், போனதும் பேனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறியபின் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ தகராறு இருக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக் போடுங்கள், ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடிக்கும்போது கட கடவென்று கேட்டால் முன் ஆக்சில் ஜாயிண்ட் போயிருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை மேட்டில் நிறுத்திச் சோதியுங்கள். பெரிய கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் மட்டும் கத்தி வண்டி நகரத் தயங்கினால் கிளட்ச் முடிந்துவிட்டது. சான்றில் இல்லாத சமாச்சாரம் பாதி இந்தக் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடும்.

படி 5: விற்க எதுவும் இல்லாத ஒரு மெக்கானிக்

மேலே சொன்னதில் தேறிய காரை மட்டும், லிஃப்ட் வைத்திருக்கிற, விற்பவருக்குத் தெரியாத ஒருவரிடம் கொண்டுபோங்கள். பார்க்கத்தான் காசு, பழுதுபார்க்கும் வேலை உங்களுக்கு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பேச்சு நேராக இருக்கும். கார் பாஸ் ஆகுமா என்று கேட்காதீர்கள், அதற்குத்தான் ஏற்கெனவே தாள் இருக்கிறதே. இதில் என் குடும்பத்தை உட்கார வைக்க முடியாதபடி ஏதாவது இருக்கிறதா, அடுத்த ஒரு வருஷத்தில் என்னென்ன செலவு வரும், டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரிகிறதா, இந்த மூன்றும் கேளுங்கள். சக்கரத்தை மேலும் கீழும், இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடும் ஸ்டியரிங்கோடும் இணைக்கிற பால் ஜாயிண்டும் டை ராடும் தளர்ந்திருந்தால் உங்கள் கையிலேயே தெரியும். விற்பவர் இதற்கு மட்டும் சம்மதிக்க மாட்டார் என்றால் வேறு கார் பார்க்கலாம்.

சொந்தக் கார் ஃபெயில் ஆகிவிட்டதா?

சந்தேகம் இந்தப் பக்கமும் வரும். நன்றாக ஓடிய கார் திடீரென்று பெரிய பட்டியலோடு திரும்பி வந்தால், சரி செய்யுங்கள் என்று உடனே தலையாட்டிவிடாதீர்கள். கார் லிஃப்டில் இருக்கும்போதே ஒவ்வொரு குறையையும் காட்டச் சொல்லுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான குறையைக் காட்ட யாரும் யோசிக்க மாட்டார்கள். பிரேக், ஸ்டியரிங், டயர் சம்பந்தப்பட்டது என்றால் வாதாடிக்கொண்டே ஓட்டாதீர்கள், நிறுத்திவிட்டு வாதாடுங்கள். எங்கே வேலை செய்தாலும் கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள், கேட்பீர்கள் என்று தெரிந்தாலே பட்டியல் சில சமயம் சின்னதாகிவிடும். முறையீடு செய்யும் வழி உங்கள் நாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் பரிசோதனை நடந்து 14 வேலை நாட்களுக்குள் விண்ணப்பித்தால் மறுபரிசோதனை கேட்கலாம். அதுவரை சர்ச்சைக்குரிய பாகத்தில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதீர்கள், மாற்றிவிட்டால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.